செய்தியில் 33, வீட்டுக்குள் 35: மும்பைக்குள் எத்தனை வானிலை?

தாராவி 90 அடி ரோடு பக்கம் குடியிருக்கும் ஒருவர் கேட்டது இது: "செய்தியில் மும்பைக்கு இன்று அதிகபட்சம் 33 டிகிரி என்கிறார்கள். எங்கள் வீட்டுத் தெர்மாமீட்டர் ராத்திரி எட்டு மணிக்கும் 35 காட்டுகிறது. முலுண்டில் அக்கா வீட்டில் ஜனவரியில் போர்வை இல்லாமல் தூங்க முடியாது, இங்கே அன்றைக்கும் ஃபேன் ஓடுகிறது. மழையும் அப்படித்தான். அங்கே கொட்டும்போது இங்கே தூறல். தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சா, இல்லை ஒரே ஊருக்குள் இவ்வளவு வித்தியாசம் வருமா?"

தெர்மாமீட்டர் சரியாகத்தான் இருக்கும். சந்தேகப்பட வேண்டியது "மும்பை வெப்பநிலை" என்று செய்தியில் சொல்லும் அந்த ஒற்றை எண்ணைத்தான்.

மும்பையில் வானிலை ஆய்வு மையத்துக்கு முக்கியமான நிலையங்கள் இரண்டு. ஒன்று கொலாபா, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் 1826இல் தொடங்கிய வானாய்வகம். இன்னொன்று விமான நிலையத்தை ஒட்டிய சாந்தாகுரூஸ். பேப்பரில் வருவது பெரும்பாலும் சாந்தாகுரூஸ் கணக்கு. அங்கே தெர்மாமீட்டர் இருப்பது வெள்ளையடித்த ஒரு மரப்பெட்டிக்குள். நான்கு பக்கமும் சாய்வுப் பலகை வைத்து, காற்று புகும், வெயில் புகாது என்று செய்திருப்பார்கள். கீழே புல்தரை, சுற்றிலும் திறந்தவெளி. அது அளப்பது நிழலில், காற்றோட்டத்தில் இருக்கும் காற்றின் சூட்டை. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி அளந்தால்தான் ஒப்பிட முடியும் என்பதற்காக அப்படி. தவறில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் யாரும் குடித்தனம் நடத்துவதில்லை.

அந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவிலேயே வித்தியாசம் உண்டு. இடைவெளி சுமார் 20 கிலோமீட்டர்தான். கொலாபா கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான நிலம், இரண்டு பக்கமும் தண்ணீர். சாந்தாகுரூஸ் அகன்ற நிலப்பரப்பின் மேல் இருக்கிறது. ஜனவரி விடியற்காலையில் சாந்தாகுரூஸ் சராசரியாக கொலாபாவைவிட 2, 3 டிகிரி குளிர்ந்திருக்கும். 1962 ஜனவரி 22 அன்று சாந்தாகுரூஸில் 7.4 டிகிரி பதிவானது. கொலாபாவில் அந்த மாதிரிக் குளிர் வருவதற்கு வழியே இல்லை. ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்க, ஒரு கிலோ மண்ணுக்குத் தேவைப்படுவதைப் போல நான்கைந்து மடங்கு வெப்பம் வேண்டும். அது போதாதென்று, கடலில் வெயில் பல மீட்டர் ஆழம் இறங்குகிறது, அலை அதைக் கலக்கிவிடுகிறது. நிலத்தில் மேல் தோல் மட்டும்தான் காய்கிறது. அதனால்தான் நிலம் சட்டென்று சூடாகி சட்டென்று ஆறுகிறது, கடல் இரண்டையும் நிதானமாகச் செய்கிறது. கடலை ஒட்டியிருப்பவர்களுக்குப் பகலும் மிதம், இரவும் மிதம்.

இனி வெயில் காலம். மும்பையில் பகல் எவ்வளவு கொளுத்தும் என்பதை முடிவு செய்வது சூரியனைவிடக் கடற்காற்று கிளம்பும் நேரம்தான் என்பேன். மார்ச் மாதக் காலையில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து, அதாவது மகாராஷ்டிராவின் உள்நாட்டுப் பக்கமிருந்து வரும். காய்ந்த காற்று. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து 28 டிகிரி சுமாரில் இருக்கும் காற்று உள்ளே வரும். சாதாரண நாளில் இது முற்பகலிலேயே நடந்துவிடும், வெப்பநிலை 33இல் நின்றுவிடும். கிழக்குக் காற்று வலுவாக இருக்கும் நாளில் கடற்காற்றால் அதைத் தள்ளிக்கொண்டு கரையேற முடியாது. மதியம் ஒன்று, இரண்டு மணி வரை தாமதமாகும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் நகரம் 38, 40 என்று ஏறிவிடும். 1956 மார்ச் 28 அன்று சாந்தாகுரூஸில் 41.7 வந்தது. மே மாதத்தில் அப்படி வருவது அபூர்வம், ஏனென்றால் அதற்குள் மேற்குக் காற்று நிலைபெற்றுவிடும். வடநாட்டுக்கு மே கொடுமை என்றால், நம் ஊரில் தெர்மாமீட்டர் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் மார்ச்சிலும் ஏப்ரலிலும்தான்.

இந்தக் கடற்காற்று எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. சிவாஜி பார்க் கடற்கரையில் நிற்பவருக்கு முதலில். மாட்டுங்காவில் கொஞ்சம் கழித்து. அப்புறம் சயான், குர்லா, காட்கோபர், முலுண்டு என்று சென்ட்ரல் லைன் வழியாகவே நகர்ந்து, டோம்பிவிலி, கல்யாண் போய்ச் சேருவதற்குள் பிற்பகல் ஆகிவிடும். வழியெல்லாம் சுட்ட ரோடு, சுட்ட கூரை. அவற்றின் மேல் ஊர்ந்து வருவதால் காற்றும் சூடாகிவிடுகிறது. பத்லாபூர், கர்ஜத் பக்கம் ஏப்ரலில் 40ஐத் தாண்டுவது சகஜம். அதே நாளில் கொலாபாவில் 33 இருக்கலாம். ரயிலில் ஒன்றரை, இரண்டு மணி நேரத் தூரம்தான்.

இதையும் கவனியுங்கள்: 40 டிகிரி கிழக்குக் காற்று காய்ந்தது. உதடு வெடிக்கும், ஆனால் வியர்வை உலரும், உடம்பு ஆறும். மே மாதத்து 34 டிகிரியில் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டிருக்கும். வியர்வை உலராமல் கழுத்தில் வழியும். கடலோர ஊருக்கு வெப்ப அலை அறிவிக்க 37 டிகிரி தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். சமவெளிக்கு அந்த வரம்பு 40. அந்தக் கணக்கில் மே மாதப் புழுக்கம் எப்போதும் தப்பித்துவிடுகிறது. என்னைக் கேட்டால், மும்பையில் உடம்பைப் படுத்துவது அந்தப் பெயரில்லாத 34தான்.

மழைக்கு வருவோம். 2005 ஜூலை 26ஐ இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். விகார் ஏரிப் பக்கம் 1000ஐத் தாண்டியது. கொலாபாவில்? 73. தெற்கு மும்பை ஆபீசில் இருந்தவர்கள் சாதாரண மழை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பி, வழியில் மாட்டிக்கொண்டார்கள். "மலை இருப்பதால் மழை" என்று மட்டும் இதற்கு விளக்கம் சொன்னால் அது அரைகுறை. அன்றைக்குப் பல கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பிய இடிமேகம் வடக்குப் பகுதியின் மேலேயே மணிக்கணக்கில் மறுபடி மறுபடி உருவானது. அப்படிப்பட்ட மேகம் எந்த வார்டின் மேல் நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்வது இன்றைக்கும் கஷ்டம்.

ஆனால் வருடா வருடம் வரும் சாதாரண மழையில் மலையின் கை தெளிவாகத் தெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொலாபாவுக்கு இயல்பு சுமார் 2100 மில்லிமீட்டர், சாந்தாகுரூஸுக்குச் சுமார் 2300. நகரத்தின் நட்டநடுவில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, 100 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான காடு. அதன் உச்சி 450 மீட்டருக்கு மேல். மேலே எழும் காற்று 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குளிரும். பருவமழைக் காலத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிப்போயிருப்பதால், கொஞ்சம் மேலே தள்ளினாலே போதும், மேகமாகிவிடும். வெள்ளைக்காரன் 1860இல் விகார் ஏரியையும் 1879இல் துளசி ஏரியையும் அந்த மலை மடிப்புகளில் கட்டியது சும்மா இல்லை. அவனுக்கு வெகுகாலம் முன்பே அதே காட்டுக்குள் உள்ள கன்ஹேரி குகைகளில் இருந்த பௌத்தத் துறவிகள் பாறையில் தொட்டி வெட்டி அதே மழையைப் பிடித்து வைத்தார்கள். சரி, முலுண்டு இந்த மலைக்குக் கிழக்கே அல்லவா இருக்கிறது, அங்கே மழை குறைய வேண்டாமா? மலை பெரியதாக இருந்தால் குறையும். இது சின்ன மலை. மேகம் கொட்டி முடிப்பதற்குள் மேற்குக் காற்று அதைத் தாண்டி முலுண்டு, தானே பக்கம் தள்ளிவிடுகிறது.

பெரிய மலை என்ன செய்யும் என்று நம்மில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூலையில் தென்காசியில் சாரல் முகத்தில் அடிக்கும். சுமார் 50 கிலோமீட்டர் கிழக்கே வந்தால் திருநெல்வேலியில் காய்ந்த காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருக்கும். மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இறங்கிவிட்டது, கணவாய் வழியாகத் தப்பி வந்தது மட்டும்தான் சாரல். இங்கே மும்பை கேரளத்தின் இடத்தில் இருக்கிறது, புனே திருநெல்வேலியின் இடத்தில். மகாபலேஷ்வரில் வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல், மலையைத் தாண்டிய புனேயில் 700 சொச்சம். 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் மாதேரானுக்கு மே மாதத்தில் நம் ஆட்கள் குடும்பத்தோடு ஓடுவதும் உயரத்துக்காகத்தான். அந்த உயரத்துக்கு ஐந்து டிகிரியாவது குறையும்.

உங்கள் அக்காவின் போர்வைக்கு இப்போது பதில் கிடைத்திருக்கும். முலுண்டு கடலைவிட்டுத் தள்ளி இருக்கிறது, அதனால் இரவில் வேகமாக ஆறும். மேற்கே காடு. மரமும் மண்ணும் சூரியன் விழுந்ததும் வானத்தை நோக்கி வெப்பத்தை விட்டுவிடும், சிமென்ட் மாதிரிப் பிடித்து வைத்துக்கொள்ளாது. மூன்றாவது, குளிர்ந்த காற்று கனமானது. காற்றில்லாத ஜனவரி இரவில் அது மலைச்சரிவில் மெல்ல வழிந்து அடிவாரத்தில் தேங்கும். போரிவிலியிலும் ஆரே காலனியிலும் விடியற்காலை நடைக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் சில்லென்று இருக்கும், மேடேறினால் போய்விடும். இதே தேக்கம்தான் குளிர்காலத்துப் புகையையும் தரையோடு அமுக்கி வைக்கிறது.

உங்கள் வீட்டுக்குள் 35 ஏன் என்பது மீதி. இதில் கடலும் மலையும் செய்வது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் நாம் கட்டியது.

நகரம் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும் என்பதை முதலில் அளந்து எழுதியவர் லூக் ஹோவார்டு என்ற லண்டன்காரர். தொழிலில் மருந்து வியாபாரி, மேகங்களுக்கு இன்றும் நாம் சொல்லும் லத்தீன் பெயர்களை வைத்தவரும் அவரே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனுக்குள்ளும் வெளியே நாட்டுப்புறத்திலும் அளந்து பார்த்து, இரவில் நகரம் சுமார் 2 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருப்பதாகச் சொன்னார். பகலில் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. இந்த இரவு விஷயம்தான் முக்கியம். நகரச் சூட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் மதியம் இரண்டு மணி எண்ணையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ராத்திரி இரண்டு மணி எண்.

அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிற மாதிரி, கான்கிரீட்டும் தாரும் பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தை இரவில்தான் வெளியே விடும். அது ஆற வேண்டுமென்றால் வானம் தெரிய வேண்டும். திறந்த மைதானத்துக்கு முழு வானமும் தெரியும். தாராவிச் சந்தில் நின்று மேலே பாருங்கள், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முழம் அகலத்துக்கு ஒரு கீற்று, அதையும் பாதி மறைத்து நீலத் தார்ப்பாயும் வயர்களும். ஒரு சுவர் விடும் வெப்பத்தை எதிர்ச் சுவர் வாங்கிக்கொள்கிறது, அது விடுவதை இது வாங்குகிறது. இப்படியே விடிந்துவிடும்.

அப்புறம் கூரை. பத்ரா ஷீட், அதாவது தகரக் கூரை, மதிய வெயிலில் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அதன் அடியில், ஏணி வைத்து ஏறும் மேல் கோலியில் (மேல் அறையில்) உட்கார்ந்திருப்பவரின் தலைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு கை தூரம். காற்றின் சூடு ஒரு பக்கம் இருக்கட்டும், தகரத்திலிருந்து நேராகத் தலையில் இறங்கும் அனல் தனி. தெர்மாமீட்டர் 38 சொன்னாலும் உடம்புக்கு அதைவிட மோசமாக இருப்பது இதனால்தான். தகரத்திடம் ஒரு நல்ல குணம், வெயில் போனதும் அது சீக்கிரம் ஆறிவிடும். எதிரே இருக்கும், குடிசை மாற்றுத் திட்டத்தில் கட்டிய ஏழு மாடி எஸ்.ஆர்.ஏ. கட்டடத்தின் மேல்மாடிக்காரருக்கு நேர்மாறு. தளம் தடிமனானது, மதிய வெயில் அதில் ஊறி உள்ளே இறங்குவதற்கே மாலையாகிவிடும். பத்ரா வீட்டில் மதியம் இரண்டு மணி நரகம் என்றால், மேல்மாடியில் ராத்திரி எட்டு மணி நரகம்.

அப்படியானால் உங்கள் பத்ரா வீட்டில் எட்டு மணிக்கும் 35 ஏன்? உள்ளே என்ன நடக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பு 100 வாட் அளவுக்கு வெப்பம் விடும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் என்றால் 500 வாட். ராத்திரிச் சமையலுக்கு கேஸ் பர்னர் ஒன்று எரிந்தால் இன்னும் ஒன்றரை, இரண்டு கிலோவாட். கீழ்த்தளத்தில் தையல் பட்டறையோ பேக்கரியோ இருந்தால் கேட்கவே வேண்டாம். இவ்வளவும் போய்ச் சேர ஒரே வாசல், அது திறப்பதோ மேலே சொன்ன சந்துக்குள். ஃபேன் இதே காற்றைச் சுற்றிவிடுகிறது, வெளியே தள்ளுவதில்லை. வாசலுக்கு எதிர்ச் சுவரின் உச்சியில் ஒரு அடிச் சதுரத்துக்கு ஜாலி (துளைகள் உள்ள தடுப்பு) வைத்து எக்ஸாஸ்ட் போட்டால் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வரும். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருந்தால் அதற்கும் வழியில்லை, அது உண்மைதான்.

ஏசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும், அதற்கு ஒன்றரை கிலோவாட் சுமார் மின்சாரம் குடிக்கும். இரண்டும் சேர்ந்து ஆறரை கிலோவாட்டுக்கு மேல் வெளியே கொட்டும். ஒரே சந்தைப் பார்த்து பத்து அவுட்டோர் யூனிட் மாட்டியிருந்தால், அந்தச் சந்தில் ஏசி இல்லாதவர் மற்றவர்களின் குளிருக்குத் தன் தூக்கத்தைக் கொடுக்கிறார்.

இதற்கு நேரெதிரான ஓர் இடம் உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்திலேயே இருக்கிறது. மித்தி ஆற்றை ஒட்டி, சயான் – பாந்த்ரா லிங்க் ரோட்டில் உள்ள மகாராஷ்டிரா நேச்சர் பார்க், 37 ஏக்கர். ஒரு காலத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டிய இடம். மரம் நட்டு வளர்த்து 1990களில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஏப்ரல் மதியம் லிங்க் ரோட்டிலிருந்து அதன் கேட்டுக்குள் நுழைந்து ஐம்பது அடி நடந்து பாருங்கள். கடல் அதே தூரம், மலை அதே தூரம், சூரியனும் அதேதான்.

மரம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று நிழல். இன்னொன்று, இலை வழியாக நீரை ஆவியாக்குவது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகக் கிட்டத்தட்ட 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் செலவாகும். நன்றாக வளர்ந்த மரம் நாளுக்கு 100 லிட்டர் விட்டால் 68 யூனிட். ஒன்றரை டன் ஏசி 13 மணி நேரம் இடைவிடாமல் ஓடி எடுக்கும் வெப்பம் அது. ஆனால் மும்பைக்கு இந்தக் கணக்கை அப்படியே ஒப்பிக்கக் கூடாது. மார்ச்சின் காய்ந்த காற்றில் இலை தாராளமாக நீர் விடும், மே மாத ஈரத்தில் அது தடுமாறும், விட்ட ஈரமும் புழுக்கத்தில் சேரும். இங்கே நிழல்தான் பெரிய லாபம், ஆவியாதல் இரண்டாம் பட்சம். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் வீடுகள் இடைவெளிவிட்டு நிற்கின்றன, ரோட்டின் மேல் பெரிய மரங்கள் குடை பிடிக்கின்றன. அதில் தூங்குமூஞ்சி மரத்தை எனக்கு விசேஷமாகப் பிடிக்கும். பகலில் விரித்த இலையை இரவில் மடித்துக்கொள்ளும். நிழல் வேண்டிய நேரத்தில் நிழல், ரோடு ஆற வேண்டிய நேரத்தில் வானத்துக்கு வழி. மாவுப்பூச்சி விழுந்து இந்த ஊரில் எத்தனையோ மரங்கள் பட்டுப்போனது பெரிய நஷ்டம்.

உயர்ந்த கட்டடங்கள் காற்றை என்ன செய்யும் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. கடற்கரையோரம் சுவர் மாதிரி நெருக்கி எழுப்பினால் பின்னால் இருப்பவர்களுக்குக் கடற்காற்று குறையும். இடைவெளிவிட்டு எழுப்பினால் நடுவில் காற்று வேகமாகப் பாயும். எஸ்.ஆர்.ஏ. கட்டடங்களில் இடைவெளி எவ்வளவு விடுகிறார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். இரண்டாம் மாடியில் பகலில் டியூப்லைட் எரியும் வீட்டுக்குக் காற்று மட்டும் எப்படி வரும்? புது வீட்டுக்கு மாறும் வாய்ப்பு வந்தால், சதுர அடியைக் கேட்பதற்கு முன் மேற்குப் பக்க ஜன்னலுக்கு எதிரே எத்தனை அடியில் அடுத்த சுவர் என்று கேளுங்கள்.

உங்கள் தெர்மாமீட்டரை ஒரு வாரம் இடம் மாற்றிப் பாருங்கள். சுவரிலோ கூரைக்குப் பக்கத்திலோ மாட்டாமல், வாசலுக்கு வெளியே வெயில் படாத இடத்தில், நெஞ்சளவு உயரத்தில் கயிற்றில் தொங்கவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் குறித்து வையுங்கள். வெளியே உள்ளதற்கும் உள்ளே உள்ளதற்கும் ராத்திரியில் மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குற்றம் மும்பை மேல் இல்லை, காற்று வெளியேற வழியில்லாததன் மேல். வித்தியாசம் மதியம் மட்டும் என்றால் கூரைதான் காரணம். கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும், பத்ராவுக்கும் சரி, மேல்மாடித் தளத்துக்கும் சரி. மே மாதக் கடைசியில் அடிக்காதீர்கள், பத்தே நாளில் மழை வந்துவிடும், நாலு மாதத்தில் பாசி பிடித்துக் கறுத்துப்போகும். பிப்ரவரியில் அடித்தால் முழு வெயில் காலத்துக்கும் உழைக்கும், தீபாவளிக்கு அப்புறம் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினால் அடுத்த வருஷத்துக்கு ஒரு கோட் போதும்.